ஹாலஜன் பல்பு எரியாதபோதும் அடிக்கடி போகும்போதும்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

பல்பு எந்தக் காரணத்தால் அணைந்தாலும் "ஃபியூஸ் போய்விட்டது" என்று சொல்லிவிட்டுப் புதியதை மாட்டுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். கூடங்கள், பட்டறைகள், வாகனங்கள் என்று பல இடங்களில் ஆண்டுக்கணக்காக ஹாலஜன் விளக்குகளைக் கழற்றி மாட்டி வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் கைக்கு வந்த பல்புகளில் கணிசமானவை ஆயுள் முடிந்து போனவை அல்ல, ஹோல்டரோ ஒயரோ மாட்டியவரின் விரலோ அவற்றைக் கெடுத்திருந்தன. ஆகவே நான் ஒரு விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு பல்புகள் சீக்கிரம் போய்விட்டால், அந்த இடத்தைச் சோதிக்காமல் மூன்றாவதை மாட்டுவதில்லை. கீழே உள்ளவை அந்தச் சோதனைகள்தாம். உங்கள் விளக்கில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

எந்த அறிகுறியானாலும், தொடுவதற்கு முன்

சுவிட்சை அணைப்பது போதாது. நியூட்ரல் ஒயரில், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயரில், சுவிட்சை வைத்துவிட்ட இணைப்புகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அத்தகைய இடத்தில் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். அந்த விளக்குக்குரிய எம்.சி.பி.யையோ (அதிக மின்னோட்டம் பாய்ந்தால் தானே விழும் சுவிட்ச்) மெயின் சுவிட்சையோ இறக்கிவிட்டு, இரு முனை மின்சோதனைக் கருவியால் ஹோல்டரைச் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். நியான் டெஸ்டர் ஒளிரவில்லை என்பதை மட்டும் நம்பி நான் எதையும் தொடுவதில்லை.

அடுத்தது சூடு. ஹாலஜன் பல்பின் குவார்ட்ஸ் குழல், வேலை செய்வதற்கே ஏறத்தாழ 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தாக வேண்டும். பெரிய வாட் கொண்ட நீள் குழல்களில் அது இன்னும் பல நூறு டிகிரி ஏறும். சிறிய பல்புக்கு 15 நிமிடமும், பரந்த இடத்துக்கு ஒளி வீசும் ஃப்ளட் விளக்குக்கு அரை மணியும் ஆற விடுங்கள். பல்பினுள் வாயு அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருப்பதால், ஆறிய பல்பைக் கழற்றும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது நல்லது. தலைக்கு மேலே உள்ள விளக்கென்றால் அது கட்டாயம்.

புதிய பல்பின் குவார்ட்ஸ் பகுதியை வெறும் விரலால் தொடக் கூடாது. பல்பு வந்த உறையின் அடிப்பகுதியை மட்டும் கிழித்து, உறையோடு பிடித்து மாட்டிய பின் உறையை உருவிவிடுவதே எளிது. தவறித் தொட்டுவிட்டால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் குளிர்ந்த நிலையில் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு எரிய விடுங்கள். முன்புறம் கண்ணாடி மூடிய, கிண்ண வடிவப் பிரதிபலிப்பான் கொண்ட ஜியூ10, எம்ஆர்16 வகைகளின் வெளிப்பகுதியைத் தொடுவதால் கெடுதி இல்லை. உள்ளே இருக்கும் சிறு குப்பிதான் தொடக் கூடாதது.

கடைசியாக, பழைய பல்பில் பொறித்திருக்கும் குறியீட்டைப் படியுங்கள். ஜி4, ஜி9, ஜியூ5.3, ஜிஒய்6.35, ஜியூ10 என்பவற்றில் வரும் எண், இரு பின்களுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது; ஆர்7எஸ் என்பது இரு முனையிலும் தொடர்பு கொண்ட நீள் குழல், அதன் நீளம் பெரும்பாலும் 78 அல்லது 118 மி.மீ. இருக்கும். வோல்ட், வாட், அடிப்பகுதி ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஜி4, ஜியூ5.3 வகைகள் பெரும்பாலும் 12 வோல்ட். ஜி9, ஜியூ10 ஆகியவை நேரடி மின்வழங்கலுக்குரியவை.

அறிகுறி 1: பல்பு எரியவே இல்லை

*ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால்*

முதலில், பல்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜி9 வகையை முழுவதும் அழுத்தினால்தான் இரு வளையங்களும் பிடிக்குள் போகும். பாதியில் நின்றுவிட்டால் பார்வைக்கு மாட்டியதுபோலவே தெரியும். ஜியூ10 வகையை அழுத்திக்கொண்டே வலப்பக்கமாகத் திருப்பி நிறுத்த வேண்டும். கூரைக்குள் பதிந்திருக்கும் ஜியூ10 பல்பைப் பிடிக்க விளிம்பே இல்லாவிட்டால், ஒட்டும் டேப்பை மடித்துப் பல்பின் முகத்தில் ஒட்டியோ ரப்பர் உறிஞ்சியை வைத்தோ திருப்பலாம். ஆர்7எஸ் குழலில் ஒரு முனையை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளிய பிறகு மறுமுனையை இறக்க வேண்டும். ஸ்பிரிங் துருப்பிடித்து உள்ளேயே நின்றுவிட்டிருந்தால் குழல் தளர்வாக ஆடும், தொடர்பும் இருக்காது.

பல்பைக் கழற்றி இழையைப் பாருங்கள். அறுந்த இழை பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளவிடுங்கள். இங்கே பலர் குழம்புவார்கள்: 230 வோல்ட் 50 வாட் பல்பின் எதிர்ப்பு எரியும்போது ஆயிரம் ஓமுக்குச் சற்று மேல் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, மீட்டர் 70 அல்லது 80 ஓம் காட்டியதும் பல்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். குளிர்ந்த இழையின் எதிர்ப்பு, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். 12 வோல்ட் 50 வாட் பல்பில் அரை ஓம்கூடக் காட்டாது. எண் எதுவாயினும், தொடர்பு காட்டினால் இழை முழுமையாக இருக்கிறது. எல்லையில்லா எதிர்ப்பு காட்டினால் அறுந்துவிட்டது.

இழை நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் பழுது ஹோல்டரில். எரியும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு பல்பை அதில் மாட்டிப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் ஹோல்டரை மாற்ற வேண்டும். பீங்கான் ஹோல்டரும் சிலிகான் உறையிட்ட ஒயரும் சேர்ந்து வருவதை வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் உறையிட்ட ஒயர் அந்தச் சூட்டைத் தாங்காது.

*12 வோல்ட் விளக்குகள் ஒரு தொகுதியாக அணைந்துவிட்டன என்றால்*

எல்லாப் பல்புகளும் ஒரே நாளில் போவது அரிது. மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு உள்ளே மின்சாரம் வருகிறதா, அதிலேயே மாற்றக்கூடிய ஃபியூஸ் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். எல்லா பல்புகளின் வாட்டையும் கூட்டிப் பாருங்கள்: 60 வாட் டிரான்ஸ்ஃபார்மரில் 20 வாட் பல்பு மூன்றுக்கு மேல் மாட்டியிருந்தால் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கலாம். எலக்ட்ரானிக் வகைகளுக்குக் குறைந்தபட்சச் சுமையும் உண்டு. 35–105 வாட் என்று எழுதியிருப்பதில் ஒரே ஒரு 20 வாட் பல்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அது எழுந்திருக்காது.

எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டைச் சாதாரண மல்டிமீட்டரால் அளந்து, "மூன்று வோல்ட்தான் வருகிறது" என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் வெளியீடு விநாடிக்குப் பல்லாயிரம் சுழற்சிகள் கொண்ட உயர் அதிர்வெண்ணில் இருப்பதால், வீட்டு மின்னோட்டத்துக்கென்று செய்த மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. நல்ல பல்பை மாட்டிப் பார்ப்பதே இங்கே நம்பத்தக்க சோதனை.

*எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய கட்டம்:* டிரான்ஸ்ஃபார்மருக்கு உள்ளேயே மின்சாரம் வரவில்லை, அல்லது கூரைக்குள் எங்கோ இருக்கும் இணைப்பைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

அறிகுறி 2: புதிய பல்பு சில நாள்களில் அல்லது சில வாரங்களில் போய்விடுகிறது

என்னிடம் அதிகம் வந்த புகார் இதுதான். முதலில் ஒரு கணக்கு: 2000 மணி நேரம் என்று உறையில் போட்டிருக்கும் பல்பு, நாளுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் 200 நாள்களில் தன் கடமையை முடித்துவிடும். மாட்டிய தேதியை எழுதி வைக்காதவர்களுக்கு அது "இப்போதுதானே மாற்றினோம்" என்றே தோன்றும். நான் ஹோல்டருக்குப் பக்கத்தில் பென்சிலால் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வைப்பேன். வீண் சண்டைகள் பலவற்றை அது தவிர்த்திருக்கிறது. கணக்குப்படி ஆயுள் மிச்சம் இருந்தும் பல்பு போயிருந்தால், கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

*விரல் தடம்.* போன பல்பை வெளிச்சத்தில் பிடித்துக் குவார்ட்ஸ் பரப்பை உருப்பெருக்கியால் பாருங்கள். ஒரு கூடத்தின் ஃப்ளட் விளக்கிலிருந்து நான் கழற்றிய 118 மி.மீ. குழலில் பால் நிறத்தில் மூன்று புள்ளிகள் வரிசையாக இருந்தன. நடுப்புள்ளியில் குவார்ட்ஸ் கொப்புளம்போல் வெளியே வீங்கி, அதன் உச்சியில் தலைமயிர் பருமனில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் மூன்று விரல்களை அதன்மேல் பிடித்துப் பார்த்தபோது இடைவெளி அச்சாகப் பொருந்தியது. வியர்வையில் உள்ள உப்பு, அந்தச் சூட்டில் குவார்ட்சின் தன்மையையே மாற்றிவிடுகிறது. அந்த இடம் வெண்மையாகி, பலவீனமாகி, உள்ளழுத்தத்துக்கு விட்டுக்கொடுக்கிறது. அன்று மாட்டியவன் வேறு யாருமல்ல, நானேதான்.

*தவறான பல்பு.* வோல்ட் குறியைப் பாருங்கள். இழைப் பல்பின் ஆயுள் மின்னழுத்தத்துக்கு மிக நுட்பமாக எதிர்வினை காட்டும்: ஐந்து விழுக்காடு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 220 வோல்ட் என்று குறித்த பல்பை 240 வோல்ட் வரும் இடத்தில் மாட்டினால், அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். விளக்கின் மேல் எழுதியிருக்கும் உச்ச வாட்டைத் தாண்டிய பல்பும் இதே வகைக் குற்றவாளிதான். அது தன்னோடு ஹோல்டரையும் சேர்த்துக் கொல்லும்.

*அதிர்வு.* எரியும் இழை மென்மையாக இருக்கும். படாரென்று சாத்தும் கதவுக்கு மேலோ, மோட்டார் ஓடும் இயந்திரத்திலோ, ஆட்கள் நடமாடும் மாடித்தளத்துக்குக் கீழோ இருக்கும் விளக்குகளில் இதை நினைத்துப் பாருங்கள். எரியும்போது ஃப்ளட் விளக்கைத் திருப்பித் திருப்பி வைப்பதும் இதில் அடங்கும்.

*சாய்வு.* ஆர்7எஸ் குழல் கிடைமட்டமாகவே எரிய வேண்டும். விளக்கை மேலும் கீழும் ஆட்டலாம். ஆனால் குழலின் ஒரு முனை மற்றதைவிடத் தாழக் கூடாது. சாய்ந்தால் உள்ளிருக்கும் ஹாலஜன் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்க இழை சீக்கிரம் தேயும். சுவரில் மாட்டிய விளக்கின் ஒரு திருகு தளர்ந்து, குழல் சற்றே சரிந்து நின்றதை நான் நான்காவது குழலுக்குப் பிறகுதான் கவனித்தேன். இப்போது ஏணியில் ஏறும்போது மட்டக்கோலையும் எடுத்துக்கொள்கிறேன்.

*ஹோல்டர் தொடர்பு.* 12 வோல்ட் விளக்குகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதையே. 50 வாட் பல்பு 12 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே வாட் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. ஹோல்டரின் பிடியில் பத்தில் ஒரு ஓம் எதிர்ப்பு சேர்ந்தாலே, அந்தச் சிறு புள்ளியில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் வாட் வெப்பம் பிறக்கும். அந்த வெப்பம் பின் வழியாகப் பல்பின் முத்திரையிட்ட கழுத்துக்கு ஏறும். அங்கே உள்ள மெல்லிய மாலிப்டினத் தகடு 350 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, இழை நன்றாக இருக்கும்போதே கழுத்து விரிசல் விடும். போன பல்பின் பின்கள் கறுத்தோ குழிவிழுந்தோ இருந்தால் ஹோல்டரையும் சேர்த்து மாற்றுங்கள். உப்புத்தாளால் தேய்த்து அதையே பயன்படுத்துவது சில வாரம் ஓடும். பிறகு புதிய பல்பையும் அது தின்றுவிடும்.

*தொகுதியில் மிச்சம் இருப்பவை ஒவ்வொன்றாகப் போவது.* செம்புக்கம்பி சுற்றிய பழைய வகை டிரான்ஸ்ஃபார்மரில் சுமை குறைந்தால் வெளியீட்டு மின்னழுத்தம் சற்று ஏறும். ஐந்து பல்புகளில் இரண்டு போய்விட்டு, யாரும் மாற்றாமல் விட்டால் மற்ற மூன்றும் கூடுதல் மின்னழுத்தத்தில் எரிந்து தம் ஆயுளைச் சுருக்கிக்கொள்ளும். போனதை உடனே மாற்றுவது இதனால்தான் சிக்கனம்.

*வரும் மின்னழுத்தமே அதிகம்.* மேலே எதுவும் இல்லை என்றால், பகல், மாலை, நள்ளிரவு என மூன்று நேரங்களில் மின்னழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். பல்பில் குறித்ததைவிடத் தொடர்ந்து கூடுதலாக இருந்தாலோ, வேறு அறைகளின் விளக்குகளும் திடீரென்று பளிச்சிட்டு மங்கினாலோ, நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். அது பல்பு விவகாரத்தைத் தாண்டிய ஆபத்து. மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனையோ மின்வாரியத்தையோ அழைக்க வேண்டும்.

அறிகுறி 3: மினுக்குகிறது, அல்லது விட்டுவிட்டு எரிகிறது

*ஒழுங்கற்ற மினுக்கம் என்றால்* பல்பை அழுத்தி உட்கார வையுங்கள். பிறகு ஹோல்டர், பிறகு ஒயர் இணைப்புத் திருகுகள் என்ற வரிசையில் போங்கள். எல்லாச் சோதனையும் மின்சாரத்தை இறக்கிய பிறகே.

*கால் மணியோ அரை மணியோ எரிந்து, அணைந்து, சிறிது நேரத்தில் தானே திரும்ப எரிகிறது என்றால்* அது டிரான்ஸ்ஃபார்மரின் வெப்பப் பாதுகாப்பு. கூரைக்குள் அதன்மேல் யாராவது வெப்பத்தடைப் பஞ்சைப் பரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். எம்ஆர்16 பல்புகளில் பல, ஒளியை முன்னே அனுப்பிவிட்டு வெப்பத்தின் பெரும்பகுதியைப் பின்னே விடும் பிரதிபலிப்பான் கொண்டவை. பல்பின் முதுகுக்கு நேர் மேலே டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருந்தால் அது அடுப்பின்மேல் உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பு. நகர்த்தி வைத்தாலே பழுது தீர்ந்துவிடும். நகர்த்தும்போது, எலக்ட்ரானிக் வகையில் அதற்கும் பல்புக்கும் இடையிலான ஒயர் பொதுவாக இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

*ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் மட்டும் மினுக்கினால்* டிம்மரும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. கம்பி சுற்றிய வகைக்கு ஒரு வகை டிம்மரும், எலக்ட்ரானிக் வகைக்குப் பெரும்பாலும் வேறு வகை டிம்மரும் தேவை; இரண்டின் மேலும் எழுதியிருப்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*சில பல்புகளை எல்இடியாக மாற்றிய பிறகு தொடங்கியது என்றால்* காரணம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சுமைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 செப்டம்பர் முதல் பெரும்பாலான சாதாரண வகை ஹாலஜன் பல்புகள் சந்தைக்கு வருவது நிறுத்தப்பட்டதும், மற்ற இடங்களிலும் எல்இடி மலிந்ததும் இந்தப் புகாரைப் பெருக்கியிருக்கின்றன. 50 வாட் பல்பு இருந்த இடத்தில் 5 வாட் எல்இடி வந்தால், ஹாலஜனுக்கென்று செய்த டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை இருப்பதே தெரியாது. எல்லாப் பல்புகளையும் ஒருசேர மாற்றி, டிரான்ஸ்ஃபார்மரையும் எல்இடிக்கு உரியதாக மாற்றுவதே தீர்வு. பாதி இது, பாதி அது என்ற சமரசம் எனக்கு ஒருமுறைகூட நிம்மதி தந்ததில்லை.

அறிகுறி 4: மங்கலாக எரிகிறது, அல்லது குழல் கறுத்துவிட்டது

*டிம்மரில் எப்போதும் குறைத்தே எரிய விடுகிறீர்களா?* குழல் போதுமான சூடு அடையாவிட்டால், இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் உலோகத்தை உள்ளிருக்கும் ஹாலஜன் இழைக்குத் திரும்பக் கொண்டுசேர்க்க முடியாமல், அது உட்சுவரில் படிந்துவிடும். முழு ஒளியில் சிறிது நேரம் எரிய விட்டால் லேசான கறுப்பு மறையலாம். முழு ஒளியிலும் மறையாத அடர் கறுப்பு, பல்பு முடிவை நெருங்கிவிட்டதற்கு அடையாளம், மாற்றிவிடுங்கள்.

*கறுப்புக்குப் பதில் வெண்புகை படிந்ததுபோல் இருக்கிறதா?* உள்ளே காற்று புகுந்துவிட்டது. விரிசலையோ கழுத்தையோ பாருங்கள். அறிகுறி 2-இல் சொன்ன விரல் தடமும் ஹோல்டர் சூடும்தான் வழக்கமான காரணங்கள்.

*தொகுதியின் கடைசி விளக்குகள் மட்டும் மங்கலா?* 12 வோல்ட் ஒயரின் நீளம் அதிகம், அல்லது பருமன் போதவில்லை. மூன்று 50 வாட் பல்புகள் சேர்ந்து பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும், 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் ஐந்து மீட்டர் தள்ளி அவை இருந்தால், போக வர பத்து மீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் தொலைந்துபோகும். கேட்பதற்குச் சிறிய எண். ஒளியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பருமனான ஒயரையோ, விளக்குகளுக்கு அருகில் தனி டிரான்ஸ்ஃபார்மரையோ போட வேண்டும்.

அறிகுறி 5: சுவிட்சைப் போட்டதும் எம்.சி.பி. விழுகிறது

*பளிச்சென்று ஒரு மின்னல் தெரிந்து, பல்பும் போய், எம்.சி.பி.யும் விழுந்தால்* பதற வேண்டாம். இழை அறுபடும் நொடியில் உள்ளே மின்பொறி ஓடி, அதிக மின்னோட்டம் பாய்கிறது; எம்.சி.பி. தன் வேலையைச் செய்திருக்கிறது. போன பல்பைக் கழற்றிவிட்டு ஏற்றிப் பாருங்கள். நின்றால் புதிய பல்பை மாட்டலாம். அந்தச் சுற்றில் டிம்மர் இருந்தால் அது இன்னும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் பல்பின் கடைசி மூச்சு சில நேரம் டிம்மரையும் கூடவே அழைத்துப் போய்விடும்.

*பல்பே இல்லாதபோதும் விழுந்தால்* ஒயரிங்கில் ஷார்ட் இருக்கிறது. மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்க்காதீர்கள்; எலக்ட்ரீஷியன் வரட்டும்.

*விழுவது மின்கசிவுக் காப்பு என்றால்,* குறிப்பாக வெளிச்சுவர் ஃப்ளட் விளக்கில் மழைக்குப் பிறகு விழுந்தால், விளக்கினுள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விளக்கின் உலோக உடலைத் தொடாதீர்கள். ரப்பர் வளையம் இறுகியிருக்கிறதா, ஒயர் நுழையும் வாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் மெயினை இறக்கியாக வேண்டும். எர்த் தொடர்பைச் சோதிப்பது தொழில் தெரிந்தவர் வேலை.

அறிகுறி 6: கருகல் வாடை, பழுப்பேறிய ஹோல்டர், விரிசல் விட்ட முன்கண்ணாடி

இங்கே எளியது முதல் செலவானது வரை என்ற வரிசை கிடையாது. அணைத்துவிட்டு, சரிசெய்யும் வரை அணைந்தபடியே விட வேண்டும். ஒயரின் உறை கெட்டியாகி, வளைத்தால் நொறுங்குகிறது என்றால் அது எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எலக்ட்ரீஷியன் கூரைக்குள் உள்ள நீளத்தையும் பார்க்க வேண்டும். திரைச்சீலை, காகிதம், மரப்பலகை ஆகியவற்றிலிருந்து விளக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை விளக்கின் மேலேயே குறித்திருப்பார்கள். அந்தக் குறியை வண்ணம் பூசி மறைத்துவிட்ட விளக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ஃப்ளட் விளக்கின் முன்கண்ணாடி விரிசல் விட்டிருந்தால், "வெளிச்சம் வருகிறதே" என்று அப்படியே எரிய விடக் கூடாது. குழல் வெடித்தால் துண்டுகளைத் தடுப்பது அந்தக் கண்ணாடிதான். குவார்ட்ஸ் ஊடே வெளியேறும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை மறிப்பதும் அதுவே. அளவுக்கேற்ற, சூடு தாங்கும் கண்ணாடியைத் தேடி மாற்றுங்கள். சாதாரண சன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினால் முதல் இரவிலேயே விரிசல் விட்டுவிடும்.

அறிகுறி 7: வாகனத்தின் ஹெட்லைட்டில் ஒரு பக்கம் இருட்டு

*ஹை பீம் எரிகிறது, லோ பீம் இல்லை (அல்லது மறுதலையாக):* எச்4 பல்பில் 60, 55 வாட் என்ற இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று அறுந்தாலும் பல்பையே மாற்ற வேண்டும். அதன் தகட்டில் உள்ள மூன்று நீட்டல்கள் ஒரே நிலையில்தான் பொருந்தும். பலவந்தமாகத் திணித்தால் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். எச்7 பல்பில் 55 வாட் ஒற்றை இழைதான்; அதன் கம்பிக் கிளிப் முழுவதும் பூட்டிக்கொண்டதா என்று முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தாவது பார்த்துவிடுங்கள்.

*இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போனது:* ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். ஆனால் ஒரு பக்கம் போய் மாதக்கணக்காகியும் கவனிக்காமல் ஓட்டி, மறுபக்கமும் போன பிறகு "இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன" என்று சொல்பவர்கள் ஏராளம். ஆகவே பல்புகளையும் பார்த்துவிடுங்கள்.

*ஒரு பக்கம் மங்கல்:* எர்த் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். எஞ்சின் ஓட, விளக்கு எரிய, பேட்டரி முனைகளிலும் பல்பின் கப்ளரிலும் (பல்பின் பின்னால் செருகும் ஒயர் இணைப்பி) மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஒயரிலோ கப்ளரிலோ இழப்பு இருக்கிறது.

*அடிக்கடி போகிறது:* எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது இயல்பு. 15-ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பல்பு வாங்கும் பணத்தை மெக்கானிக்கிடம் கொடுங்கள். 100 வாட் பல்புகளைப் போட்டு வெளிச்சத்தைக் கூட்ட நினைப்பவர்களின் உருகிய கப்ளர்களை நான் நிறையவே அறுத்து எடுத்திருக்கிறேன். 55 வாட்டுக்கு அளந்து போட்ட ஒயர் அதைத் தாங்காது. சாலையில் அதை ஓட்டுவதும் பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானது.

அறிகுறி 8: பல்பு உடைந்து, அடிப்பாகம் உள்ளேயே சிக்கிக்கொண்டது

மெயினை இறக்கிச் சோதித்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து, கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். ஜி9, ஜி4 வகைகளில் எஞ்சியிருக்கும் தட்டையான கழுத்தை நீள்மூக்குக் குறடால் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். திருகினால் பின் உள்ளேயே முறிந்து நிற்கும். ஜியூ10 வகையில் அடிப்பீங்கானைக் குறடால் பிடித்து இடப்பக்கம் சற்றே திருப்பி எடுக்கலாம். ஆர்7எஸ் குழலில் ஸ்பிரிங் உள்ள முனையைத் தள்ளினால் பீங்கான் முனை தானே விழுந்துவிடும். பின் முறிந்து பிடிக்குள் நின்றுவிட்டால் ஹோல்டரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஊசியால் நோண்டி எடுக்க முயன்றால் பிடி தளர்ந்து, பழுது அறிகுறி 2-க்குப் போய்ச் சேரும்.

கழற்றிய ஹாலஜன் பல்பில் பாதரசம் இல்லை. ஆகவே உடைந்தாலும் நச்சு ஆவி பற்றிய அச்சம் வேண்டாம், துண்டுகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கண்ணாடி மறுசுழற்சித் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்: குவார்ட்ஸ் சாதாரண பாட்டில் கண்ணாடியைவிட மிக உயர்ந்த வெப்பத்தில்தான் உருகும், அந்த உலையில் அது உருகாமலே நிற்கும். புதிய பல்பு வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதைச் செருகி, டேப் சுற்றி, மேலே "உடைந்த பல்பு" என்று எழுதிக் குப்பையில் சேருங்கள். அதை அடுத்து எடுக்கும் கைக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.